சிக்னல் கோடுகளை விடுங்கள், எண்ணைப் படியுங்கள்: மின்காந்த அலையிலிருந்து மொபைல் அழைப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஃபோனின் மேல் ஓரத்தில் தெரியும் சிக்னல் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. எவ்வளவு சக்தி வந்தால் எத்தனை கோடு காட்டலாம் என்பதை ஒவ்வொரு ஃபோன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. 2010-ல் ஐஃபோன் 4 வந்தபோது, கையில் பிடித்தாலே கோடுகள் சரிகின்றன என்று ஊரெல்லாம் புகார். கடைசியில் ஆப்பிளே கடிதம் வெளியிட்டது: கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரங்களில் இருக்க வேண்டியதைவிட 2 கோடு கூடுதலாகக் காட்டியிருக்கிறோம் என்று.

அந்தக் கோடுகளுக்குப் பின்னால் உண்மையான ஓர் எண் ஒளிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த அலைநீளம், அதிர்வெண் எல்லாம் கைக்குப் பிடிபடும். தேவையானவை: ஸ்மார்ட்ஃபோன், ஸ்கேல், கால்குலேட்டர், தட்டு சுழலும் வகை மைக்ரோவேவ் அடுப்பு, பொரிக்காத அப்பளம் நாலைந்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம்.

படி 1: அப்பளத்தில் அலையை அளப்பது

மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வெற்றிடத்திலும் பயணிக்க முடியும் என்று 1865-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அலையின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனதால், ஒளியும் இதே இனம்தான் என்றும் சொன்னார். 1880-களின் கடைசியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் தீப்பொறியை வைத்து இந்த அலையை உண்டாக்கி, கொஞ்சம் தள்ளி இருந்த கம்பி வளையத்தில் பிடித்தார். 1895-ல் ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அளவுக்கு நீளம் குறைந்த அலைகளோடு சோதனை செய்துகொண்டிருந்தார். வரலாறு இவ்வளவு போதும், அப்பளத்துக்கு வருவோம்.

மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டுக்குக் கீழே இருக்கும் உருளை வளையத்தை எடுத்துவிடுங்கள். நடுவில் சுழலும் முனையின் மேல் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வையுங்கள். தட்டு சுழலவே கூடாது. அப்பளங்களை இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். ஓரத்தில் சின்னக் கப்பில் தண்ணீர் வைத்தால் அடுப்புக்கு நல்லது. முழுச் சக்தியில் 20, 30 விநாடி ஓடவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருங்கள். அங்கங்கே வெள்ளையாகப் பொரியத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

வெளியே எடுத்தால் அப்பளம் திட்டுத்திட்டாகப் பொரிந்திருக்கும். ஒரு திட்டு மொறுமொறுப்பாக உப்பியிருக்க, அதற்கு இரண்டு விரல் தள்ளி மாவு அப்படியே பச்சையாக, வளைத்தால் வளையும். அலை சுவரில் பட்டுத் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து நிலையலையாக நின்றதன் அடையாளம் இது. பக்கத்துப் பக்கத்துத் திட்டுகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் பாதி அலைநீளம் (அலைநீளம் என்பது அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்). ஸ்கேல் வைத்தால் 6 சென்டிமீட்டருக்கு மேல் கொஞ்சம் வரும். அதை இரண்டால் பெருக்கி, அடுப்பின் பின்புற ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அதிர்வெண்ணால், அதாவது 2450 மெகாஹெர்ட்ஸால் (விநாடிக்கு 245 கோடி அதிர்வு) பெருக்குங்கள். அலைநீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் அலையின் வேகம். 6.1 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 29.89 கோடி மீட்டர். உண்மையான ஒளிவேகம் 29,97,92,458 மீட்டர். 6.5 என்று அளந்தால் 31.85 கோடி வரும், பரவாயில்லை. பெட்டிக்குள் அலை மூன்று திசையிலும் மோதித் திரும்புவதால் திட்டுகள் கோடு போட்டது போல ஒழுங்காக நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அடுப்புக் கதவின் வலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துளைகள்தான். 12 சென்டிமீட்டர் அலைக்கு அது கிட்டத்தட்ட முழுச் சுவர். உள்ளே இருக்கும் அப்பளத்தைக் காட்டும் ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது தாராளமாக வெளியே வருகிறது. ஓட்டையின் அளவை அலைநீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் அடுத்து வரும் எல்லாவற்றுக்கும் உதவும்.

படி 2: 300-ஐ வகுப்பது

அலைநீளம் (மீட்டரில்) = 300 ÷ அதிர்வெண் (மெகாஹெர்ட்ஸில்). இந்த ஒரு சூத்திரம் போதும்.

சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ், அதாவது 0.72 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 417 மீட்டர். சென்னை ரெயின்போ பண்பலை 101.4 மெகாஹெர்ட்ஸ், 2.96 மீட்டர். மொபைலின் 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் 33 சென்டிமீட்டர், 2300 என்றால் 13, 5ஜி ஓடும் 3500 பக்கம் 8.6 சென்டிமீட்டர்.

ஆண்டெனா நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால் வசதி. பண்பலைக்கு அது 74 சென்டிமீட்டர். பழைய டிரான்சிஸ்டரில் இழுத்து நீட்டும் கம்பி அந்த அளவுக்கு வருவது தற்செயல் அல்ல. எஃப்எம் இருக்கும் ஃபோன்கள் இயர்ஃபோன் செருகச் சொல்வதும் இதனால்தான்: அந்த ஒயர்தான் ஆண்டெனா. 900-க்குக் கால் பங்கு 8 சென்டிமீட்டர் என்பதால் ஃபோனுக்குள்ளேயே மடக்கி வைத்துவிடலாம்.

அலைநீளம் பயணத்தையும் மாற்றும். மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து போகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலுக்கு மேலே இன்னும் தூரம் போகும். இலங்கை வானொலி தமிழகக் கரையோர ஊர்களில் உள்ளூர் நிலையம் போலக் கேட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரவில் இன்னொரு வழியும் திறக்கும். பகலில் மத்திய அலையை விழுங்கும் வளிமண்டலத்தின் அயனி அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்கில் பட்டு அலை தரைக்குத் திரும்பும். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸைப் பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை தூரத்து ஊரிலிருந்து கேட்டுப் பாருங்கள்.

பண்பலையும் மொபைல் அலையும் இப்படி வளையாது, பெரும்பாலும் நேர்க்கோடுதான். எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: ஆண்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். 30 மீட்டர் டவருக்கு 22 கிலோமீட்டர் சொச்சம். சமவெளியைவிட 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் கொடைக்கானலுக்கோ 184 கிலோமீட்டர்! கோடை பண்பலை 100.5 மலைக்கு மேலிருந்து மதுரை, திண்டுக்கல், தேனி எல்லாம் தாண்டிக் கேட்கும் ரகசியம் மலையின் உயரம்தான்.

படி 3: எண்ணைக் கண்டுபிடிப்பது

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், 'அபௌட் ஃபோன்' பகுதியில் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். −95 டிபிஎம் என்பது போல ஓர் எண் இருக்கும். பல ஃபோன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் இன்னும் விவரமான பக்கம் திறக்கும். சில கம்பெனிகள் இதை அடைத்துவிட்டன. ஐஃபோனில் *3001#12345#* போட்டு அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இலவச நெட்வொர்க் ஆப்களும் உண்டு. 4ஜி எண் ஆர்எஸ்ஆர்பி (RSRP, ஃபோனுக்கு வந்து சேரும் சிக்னலின் சக்தி) என்ற பெயரில் இருக்கும்.

டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் சக்தி. 0 டிபிஎம் என்றால் சரியாக 1 மில்லிவாட். 10 குறைந்தால் சக்தி பத்தில் ஒன்று. 3 குறைந்தால் பாதி. ஆகவே −30 என்பது மைக்ரோவாட், −60 நானோவாட், −90 பிகோவாட். உங்கள் −95 என்பது ஒரு வாட்டை மூன்று லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதை வைத்துத்தான் வீடியோ பார்க்கிறோம்.

4ஜியில் −80-க்கு மேல் இருந்தால் அருமை. −100 வரை ஓடும். −110-ஐத் தாண்டிக் கீழே போனால் திணறும். −120 பக்கம் அழைப்பு அறுந்துவிடும்.

இப்போது சம்படம். ஃபோனை உள்ளே வைத்து இறுக்கி மூடி, இன்னொரு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள். உலோகப் பெட்டிக்குள் அலை போகாது என்று படித்திருப்போம், ஆனாலும் பல நேரம் மணி அடிக்கும்! எண் தெரிந்தால் இதில் மர்மம் எதுவும் இல்லை. வெளியே −75 இருக்கிறது, மூடியின் வட்டமான விளிம்பு இடுக்கு வழியாகக் கொஞ்சம் அலை கசிகிறது, மொத்த இழப்பு 30 டிபி (டிபி என்பது இரண்டு சக்திகளின் ஒப்பீடு, 10 டிபி என்றால் பத்து மடங்கு) என்று வைத்துக்கொண்டால் உள்ளே −105. ஃபோனுக்கு அது போதும். அணைய வேண்டுமானால் 50 டிபி, அதாவது ஒரு லட்சம் மடங்கு, குறைக்க வேண்டும். விளிம்பு இடுக்கை அலுமினியத் தாளால் சுற்றி மறுபடி முயன்று பாருங்கள். ஏற்கெனவே சிக்னல் மோசமான அறையில் செய்தால் சாதாரண மூடியே போதும்.

இன்னொரு சோதனை: அறைக்குள் ஃபோனை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டுச் சில விநாடி காத்திருங்கள். எண் 5, 10 டிபி மாறலாம். அப்பளத்தில் பார்த்த அதே திட்டுகள்தான் இங்கும் இருக்கின்றன. சுவர், பீரோ, கிரில் எல்லாவற்றிலும் பட்டு வரும் அலைகள் ஓரிடத்தில் கூடுகின்றன, பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜன்னலோரம் ஓர் அடி தள்ளி நின்று பேசுகிறவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

படி 4: டவரிலிருந்து கையில் வரை கணக்கு

தொலைத்தொடர்பு எஞ்சினியர்கள் டிபியை விரும்பக் காரணம், பெருக்கல் எல்லாம் கூட்டலாகிவிடும். 900 மெகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி டவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

டவரின் ரேடியோ 40 வாட் தருகிறது: 46 டிபிஎம். இந்தச் சக்தி 600 குட்டி அலைகளாகப் பிரிந்து போகிறது. ஆர்எஸ்ஆர்பி என்பது அவற்றில் ஒன்றின் சக்தி மட்டும். எனவே 27.8 கழிக்க வேண்டும், மீதி 18.2. ஆண்டெனா எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் ஒரு பக்கமாகக் குவிப்பதால் 17 கூடுகிறது, 35.2. இனி வெட்டவெளி இழப்பு. அதன் சூத்திரம்: 32.44 + 20 லாக் (கிலோமீட்டர்) + 20 லாக் (மெகாஹெர்ட்ஸ்). 1 கிலோமீட்டருக்கு 91.5 டிபி. கழித்தால் −56.

உங்கள் ஃபோனோ −95 காட்டுகிறது. மீதி 39 டிபி, ஏறத்தாழ 8,000 மடங்கு, எங்கே போனது? எதிர் மாடி வீடு, வேப்பமரம், உங்கள் வீட்டுச் சுவர், ஃபோனைப் பிடித்திருக்கும் கை. செங்கல் சுவர் ஒன்று அதன் தடிமனைப் பொறுத்து 5 முதல் 15 டிபி வரை தின்னும். தகரக் கூரைக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடிக்கும் பசி இன்னும் அதிகம்.

இதே கணக்கை 3500 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் வெட்டவெளி இழப்பு 103.3, கிட்டத்தட்ட 12 டிபி கூடுதல். அதிக அதிர்வெண்ணைக் காற்று அதிகமாக விழுங்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். இந்த 12 டிபிக்கு அது காரணமே இல்லை. அதிர்வெண் ஏறினால் அதற்கேற்ற ஆண்டெனா சிறுக்கிறது. சிறிய ஆண்டெனா குறைவான பரப்பிலிருந்துதான் சக்தியைச் சேகரிக்கும். சுவரைத் துளைப்பதில் உயர் அதிர்வெண் சொதப்புவது தனிக் கதை. 5ஜி டவரில் ஏராளமான சிறு ஆண்டெனாக்களை ஒரே பலகையில் வைத்து, கற்றையை உங்கள் பக்கம் திருப்புவது இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான்.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 கிகாஹெர்ட்ஸுக்கு (10,000 மெகாஹெர்ட்ஸ்) மேல்தான் மழைத்துளி உண்மையான தொல்லை. டிடிஎச் கிட்டத்தட்ட 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருவதால் அடைமழையில் படம் உறைகிறது. மொபைல் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. மழையில் டவர் போய்விட்டதென்றால் பெரும்பாலும் மின்வெட்டு, அல்லது டவரையும் டவரையும் இணைக்கும் உயர் அதிர்வெண் டிஷ் தொடர்பு அறுந்திருக்கும்.

டவர் பயம் இருப்பவர்கள் இதே கணக்கை வைத்துப் பார்க்கலாம். மொபைல் அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் கிடையாது. செய்யக்கூடியது லேசாகச் சூடாக்குவதுதான். இந்தியா 2012-ல் டவர் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. உங்கள் உடம்பில் அதிகம் படுவது காதோரம் இருக்கும் ஃபோனின் அலை. 4ஜி ஃபோன் அதிகபட்சம் 200 மில்லிவாட் அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தால் அதைவிட வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். டவரைத் தெருவிலிருந்து விரட்டினால் ஃபோன் இன்னும் உரக்கக் கத்தவேண்டியிருக்கும்.

படி 5: கோடு நிறைய, நெட் இல்லை. ஏன்?

சக்தி வந்தால் மட்டும் போதாது, இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதே விஷயம். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது அல்லவா? ஃபோன் காட்டும் எஸ்ஐஎன்ஆர் (SINR) என்ற எண் அந்த இடைவெளியைத்தான் சொல்கிறது.

இரைச்சலுக்கு ஓர் அடித்தளம் உண்டு. அறை வெப்பநிலையில் எந்தக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. 4ஜியின் ஒரு குட்டி அலை எடுத்துக்கொள்ளும் 15 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அந்த இரைச்சல் −132 டிபிஎம். ஃபோனின் சொந்தச் சுற்றுகள் 7 டிபி போலச் சேர்க்கும், −125. படி 3-ல் −120-ல் ஏன் உயிர் போகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். அடித்தளத்துக்கு மேல் பக்கத்து டவர்களின் அலை வேறு வந்து குறுக்கிடும். இரண்டு டவருக்கு நடுவே நின்றால் இரண்டுமே பலமாக வரும், எஸ்ஐஎன்ஆர் மட்டும் பூஜ்யம் பக்கம் கிடக்கும்.

வேகத்தின் உச்சவரம்பை 1948-ல் கிளாட் ஷானன் கண்டுபிடித்தார். அலைவரிசை அகலமும் இந்த இடைவெளியும் தெரிந்தால் போதும். 20 மெகாஹெர்ட்ஸில் எஸ்ஐஎன்ஆர் 20 டிபி என்றால் விநாடிக்கு 133 மெகாபிட். 0 டிபி என்றால் 20 மெகாபிட். −5 என்றால் 8-கூட இல்லை. ஆண்டெனா எண்ணிக்கையைக் கூட்டி ஒரே நேரத்தில் பல தாரைகள் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு தாரைக்கும் இந்த வரம்பு பொருந்தும்.

அப்புறம் இதையும் மறக்கக்கூடாது: 133 மெகாபிட் உங்களுக்கு மட்டும் அல்ல, அந்த டவரின் அந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து. சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் நின்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. −70 இருக்கும், படம் போகாது.

படி 6: குரலை அலையில் ஏற்றுவது

வெறும் அலை எதையும் சொல்லாது. அதில் எதையாவது மாற்றினால்தான் செய்தி. மத்திய அலை வானொலி அலையின் உயரத்தைக் குரலுக்கேற்ப மாற்றும். இடி மின்னலும் டியூப்லைட்டும் உயரத்தைத்தான் கெடுக்கும் என்பதால் கரகரவெனக் கேட்கும். பண்பலை அதிர்வெண்ணை மாற்றுகிறது, உயரத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் சுத்தமாக ஒலிக்கும். பதிலுக்கு ஒரு நிலையத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் இடம் கேட்கும். மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான். சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053: எல்லாம் 9-ஆல் மீதியின்றி வகுபடும்.

மொபைல் குரலை முதலில் எண்ணாக்குகிறது. பழைய லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்ச் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதியது: 64 கிலோபிட். இன்றைய வோல்ட்டி (4ஜி வழியே போகும் குரல் அழைப்பு) 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாகக் குரலை வெட்டி, அதன் வடிவத்தை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. 24 கிலோபிட்டுக்குள் லேண்ட்லைனைவிடத் தெளிவான குரல்.

அந்த பிட்டுகளை ஏற்றும்போது அலையின் உயரத்தையும் கட்டத்தையும் (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது) சேர்த்து மாற்றுகிறார்கள். 4 நிலைகள் வைத்தால் ஒரு தடவைக்கு 2 பிட், 64 வைத்தால் 6, 256 வைத்தால் 8. நிலைகள் நெருங்க நெருங்க இரைச்சல் ஒன்றை இன்னொன்றாகக் காட்டிவிடும். அதனால் எஸ்ஐஎன்ஆர் குறைந்ததும் டவர் தானாகவே குறைந்த நிலைகளுக்கு இறங்குகிறது. நடந்துகொண்டே ஸ்பீட் டெஸ்ட் ஓடவிட்டால் எண் குதிப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

படி 7: டவருக்குப் பின்னால்

உங்கள் அழைப்பில் ரேடியோ வழி பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். டவருக்குப் பின்னால் பெரும்பாலும் கண்ணாடி இழை. அதில் ஓடுவதும் மின்காந்த அலைதான், 1550 நானோமீட்டர் ஒளி. கிலோமீட்டருக்கு 0.2 டிபிதான் இழப்பு. காற்றில் முதல் கிலோமீட்டருக்கே 91.5 போனதைப் பார்த்தோம். ஆனால் காற்றில் தூரம் இரட்டித்தால் இன்னொரு 6 டிபிதான் போகும். இழையிலோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 0.2 கூடிக்கொண்டே போகும். 1,000 கிலோமீட்டரில் இழையில் 200 டிபி, 900 மெகாஹெர்ட்ஸ் வெட்டவெளியில் 151.5. கடலடிக் கேபிளில் வழிநெடுகப் பெருக்கிகள் வைப்பது இதனால்தான்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பது) 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போய்க் கீழே இறங்கவே 0.24 விநாடி, கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. ஃபோனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி முட்டிக்கொள்வார்களே, அது இந்தத் தாமதம். இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் 1,400 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கேபிள் கொஞ்சம் சுற்றிப் போனாலும் ஒரு வழிக்கு 10 மில்லிசெகண்ட் சுமார்.

படி 8: உங்கள் வீட்டுப் பிரச்சினையைக் கண்டுபிடிப்பது

ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர், எந்த பேண்ட் (900, 2300 போன்ற அதிர்வெண் தொகுதி) என்ற மூன்றையும் வீட்டின் நாலு இடங்களில், காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்ஆர்பி −110-க்குக் கீழே என்றால் உங்கள் பிரச்சினை சுவரும் தூரமும். வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் போகும் அழைப்பு) இயக்குங்கள். பெரும்பாலானோருக்கு அதோடு தீர்ந்துவிடும். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்ஐஎன்ஆர் 0 பக்கம் என்றால் குறுக்கீடு. வீட்டின் எதிர்ப்பக்க அறைக்குப் போனால் சுவரே ஒரு டவரை மறைத்து உங்களுக்கு உதவும். இரண்டும் நன்றாக இருந்து இரவில் மட்டும் வேகம் படுத்தால் நெரிசல். அதற்கு நம்மால் செய்ய முடிந்தது, குறித்த எண்களோடும் நேரத்தோடும் புகார் கொடுப்பது. 'சிக்னல் வரலை' என்று எழுதுவதைவிட இதற்கு மரியாதை அதிகம்.

ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்காதீர்கள். அனுமதியின்றி அதை வைப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். தொழில்நுட்பக் காரணமும் உண்டு: மலிவான பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கி டவர் பக்கம் அனுப்பும். உங்கள் ஹாலில் கோடுகள் ஏறும், அந்த டவரின் காதில் இரைச்சலின் அடித்தளமும் கூடவே ஏறும், தெருக்கோடியில் −112-ல் பேசிக்கொண்டிருந்தவரின் அழைப்பு அறுந்துபோகும்.